அருள்தாஸ் சாரின் பந்து அலமாரி

செய்தி வந்தபோது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் என் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். போனில் அருள்தாஸ் சாரின் மனைவி ஸ்டெல்லா அம்மா. “சார், அவரு காலையில பூட்டாரு. வர்றப்ப அந்த நோட்டையும் எடுத்துக்கினு வாங்க.” நண்பன் போன செய்திதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது நோட்டு என்ற சொல். கடைக்காரர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அருள்தாஸ் எங்கள் பள்ளியின் பி.டி. மாஸ்டர். பள்ளி மலரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அவருடைய விசிலுக்குப் பயந்து ஓடியவர்களாக இருப்பீர்கள். நான் அதே பள்ளியில் வரலாறு நடத்தினேன். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “இன்னா சரித்திரம், சாப்ட்டியா?” என்பார். அந்தக் கேலிக்கு நான் தகுதியானவன் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கால்பந்து இங்கிலாந்தில் பிறந்தது என்று ஆசிரியர் அறையில் யாருக்கோ அளந்துகொண்டிருந்தேன். மறுநாள் அவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீங்கான் தட்டை என் மேசையில் வைத்தார். நீலக் கோட்டில் குடுமி வைத்த சீனப் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். திருப்பிப் பார்த்தேன். அடியில் தொழிற்சாலை முத்திரை. “பழசெல்லாம் இல்லை சார், போலி” என்றேன்.

“போலிதாம்பா. ஆனா போலி பண்ணவன் இன்னாத்தப் பாத்துப் பண்ணான்? அத்த சொல்லு.”

நான் தட்டை மறுபடி திருப்பினேன். அதற்குப் பிறகு அவர் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி அப்படிப்பட்டவற்றைச் சேர்த்தார். பந்தைக் காலில் ஏந்திய களிமண் பொம்மை, ஆட்டக்காரர்களை வரைந்த விசிறி, முதுகில் பந்தாட்டம் பொறித்த, முகம் பார்க்கும் ஒரு பித்தளைக் கண்ணாடி. எதுவும் பழையதில்லை, எல்லாம் பழையதைப் பார்த்துச் செய்தவை. விளையாட்டு அறை அலமாரியின் மேல்தட்டில் அவை இருந்தன. கீழ்த்தட்டுகளில் பந்துகள். கயிறு கோத்துக் கட்டும் தோல் பந்து, நீளப் பட்டைகளாகத் தைத்த பந்து, அறுகோணமும் ஐங்கோணமுமாகக் கறுப்பு வெள்ளையில் வந்த பந்து, தையலே இல்லாமல் ஒட்டிய இந்தக் காலத்துப் பந்து. சிலது யாரோ ஆடித் தூக்கிப் போட்டது. சிலது அவரே தைத்தது. எது எந்த மைதானத்தில் உருண்டது, எதை யார் கொடுத்தார், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியதில்லை.

பந்துகள் இருந்த முதல் தட்டின் மூலையில் ஒரு சின்னப் பந்து. பழைய சீனத்தில் தோலுக்குள் மயிரும் இறகும் அடைத்துத்தான் ஆடினார்கள் என்று படித்துவிட்டு அவரே செய்தது. எங்கள் முன்னால் தரையில் போட்டார். ஈரத்துணி மாதிரி பொத்தென்று விழுந்து கிடந்தது. எல்லோரும் சிரித்தோம். “காத்து இல்லாத பந்து எப்டிபா குதிக்கும்? கீழ வுடாம வெச்சிருக்கணும், அதான் ஆட்டமே” என்றார். உள்ளே சலூன் மயிர்தானே என்று நான் சொன்னேன். அவர் மறுக்காமல் சிரித்தார்.

இன்னொரு நாள் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதிக் கட்டி எடுத்து வந்தார். ரப்பர் வருவதற்கு முன் ஐரோப்பாவில் பந்துக்குள் அதுதான் காற்றைப் பிடித்து வைத்தது. ஆர்வத்தோடு மேசையில் வைத்தார். சாப்பாட்டு வேளை. நான் என் டிபன் டப்பாவை ஒரு சாண் நகர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் அதைப் பார்த்தார். “பட்டு நெய்யற ஊருபா இது. தோலைத் தொட்டாதான் கை கழுவும்” என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து விளையாட்டு அறையில்தான் சாப்பிட்டார். நாங்கள் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தோம். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை.

ஒரு விளையாட்டு விழாவுக்குச் பழைய சீனத்துக் கோல் கம்பத்தை நட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே பட்டுத்துணி, துணியின் நடுவே தலை அளவுக்கு ஓர் ஓட்டை, பந்து அதற்குள் போக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாணவனின் அப்பா நெய்து தர ஒத்துக்கொண்டார். விழா அன்று காலையில் துணி வந்தது. அரக்குச் சிவப்பு, கண்ணைப் பறித்தது. ஓட்டை இல்லை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஜரிகை.

“கை வரலை சார்” என்றார் நெசவாளர், தலையைக் குனிந்துகொண்டு. “தறியில இருந்து எறக்கின புதுப் பட்டுல எப்டி சார் கத்திரி வெக்கிறது? குடும்பத்துக்கு ஆவாது. அந்த வட்டத்தையே ஓட்டைன்னு வெச்சிக்குங்க.”

நான் கத்திரிக்கோலைத் தேடினேன். அருள்தாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வுடு சரித்திரம். அந்த மனுசன் முன்னாடி வெட்டாத.” துணியை அப்படியே கட்டினார். பிள்ளைகள் மாலை வரை உதைத்தார்கள். ஒவ்வொரு பந்தும் ஜரிகையில் பட்டுக் கீழே விழுந்தது. ஒரு கோல்கூட இல்லை. ஊரே சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

ஓய்வு பெற்றபோது அலமாரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பந்துகள் சாக்கு மூட்டைகளில் அவருடைய வாடகை வீட்டுக்குப் போயின. எங்காவது ஒரு கண்ணாடிப் பெட்டியில், பெயர்ச்சீட்டோடு அவற்றை வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை. “நான் சொல்றேன், நீ எழுது. உன் எழுத்துன்னா மதிப்பாங்க” என்றார். சனிக்கிழமைதோறும் போனேன். ஒவ்வொரு பந்தாக மடியில் வைத்துக்கொண்டு சொல்வார். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். வீட்டுக்குப் போய் விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் கேட்டபோது “எல்லாம் எழுதியாச்சு சார்” என்று சொல்லிவிட்டேன்.

சோம்பல் என்று எனக்கே சமாதானம் சொல்லி வந்தேன். திருமுக்கூடல் கோயில் கல்வெட்டுகளுக்கு மூன்று நோட்டு எழுதியவன் நான், வெயிலில் நின்றுகொண்டு. கல்லுக்கு எழுதிய கை இவருடைய தோலுக்கு ஏன் எழுதவில்லை? அந்த ஒரு சாண் தூரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இல்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். பெட்டிக்குள் அவர் மேல் அந்த அரக்குச் சிவப்புப் பட்டைப் போர்த்தியிருந்தார்கள். ஜரிகை வட்டம் சரியாக நெஞ்சின் மேல் இருந்தது. போதகர் ஜெபித்து முடித்ததும் மூடினார்கள். பட்டும் அவரோடு மண்ணுக்குள் போனது.

பத்து நாள் கழித்துச் சென்னையில் உள்ள ஒரு விளையாட்டுக் காட்சிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டெல்லா அம்மாதான் அலைந்து ஏற்பாடு செய்திருந்தார். நோட்டு இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதவில்லை என்று சொன்னேன். “ஞாபகத்துல இருந்தாவது சொல்லுங்க சார்” என்றார் ஸ்டெல்லா அம்மா. மூட்டையை அவிழ்த்தேன். கறுத்து, காற்றிறங்கிக் கிடந்த பந்துகளில் எது எங்கே உருண்டது, எதை யார் கொடுத்தார் என்று ஒன்றுக்குக்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்தவர்கள் மரியாதையானவர்கள். “விவரம் இல்லைன்னா இது வெறும் பழைய பந்துதாங்க” என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஸ்டெல்லா அம்மா வீட்டைக் காலி செய்து மகளிடம் போகிறார். மூட்டைகளைப் பழைய சாமான் வண்டியில் ஏற்றினோம். தட்டும் பொம்மையும் விசிறியும்கூடப் போயின. அந்தச் சின்னப் பந்தை மட்டும் அவர் எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார். “இது ஒண்ணோட கதைதான் எனக்குத் தெரியும். டைபாய்டு வந்து எனக்கு மொட்டை போட்டாங்க இல்ல, அந்த முடி சார் இது. கீழ போட மனசு வர்லைன்னு வெச்சித் தெச்சாரு.” சலூன் மயிர் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன் நான். அதையும் அருள்தாஸ் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த நோட்டுதான். முதல் பக்கத்தில் ‘1’ என்று போட்டு வட்டம் இட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒன்றும் இல்லை. இனி அதில் எழுத எனக்கு எதுவும் தெரியாது. உங்களில் யாருக்காவது அவர் ஒரு பந்தின் கதையைச் சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று கேட்கலாம். ஆனால் பந்துகளே போய்விட்டன.

கடைசி வருடம் அவருக்கு மறதி வந்துவிட்டது. பெயர்கள் போயின, பிறகு தெருக்கள். ஆரம்பத்தில் பயந்துபோய், இரவில் எழுந்து உட்கார்ந்து பந்துகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாராம். ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். “சரித்திரம், நீ எழுதி வெச்சிட்ட இல்ல?”

“வெச்சிருக்கேன் சார்.”

“அப்ப சரி” என்றார். மூச்சு விடும் சத்தம் கேட்டது. “இனிமே நான் மறந்தா பரவால்ல.”

அன்றிலிருந்து அவர் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாராம்.