எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி

எங்கள் வீட்டில் பட்டதாரி யாருமில்லை. ஆனாலும் முதல் பட்டதாரிக்கான அரசுக் கட்டணச் சலுகை என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கிடைக்கவில்லை. காரணம் நான்.

சில வருடங்களுக்கு முன் அந்தச் சலுகையில் இன்ஜினியரிங் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டேன். இந்த வருடம் ஸ்டெல்லாவுக்கும் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்ததும், அதே சலுகைக்கான சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

"குடும்பத்துல ஒருத்தருக்குத்தான். நீதான் ஏற்கெனவே வாங்கிட்டியே" என்றார் எழுத்தர்.

"நான் படிச்சு முடிக்கவே இல்லியே சார்!"

"வாங்கினா வாங்கினதுதான்."

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "வுடுண்ணா, பேஜாராவாத. அப்பாக்கு ஒடம்பு முடியலன்னுதான நீ படிப்ப வுட்ட?"

அது நான் சொன்ன பொய். பரீட்சைக்குப் போகாமல் நண்பர்களோடு ஊர் சுற்றியதுதான் நிஜம்.

சலுகை இல்லாமல் கட்டணம் கட்ட வழியில்லை. கல்லூரியில் சேராமல், இப்போது அவள் ராயபுரத்தில் இறால் உரிக்கப் போகிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.