தேசிக்காய் பட்ட கல்

என் மேசையில் கடதாசிகள் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல். மேற்பக்கம் தேய்த்து மெருகேற்றியது. அவித்த பனங்கிழங்கின் நிறம். ஒரு மூலையில் எந்தக் காலத்திலோ கல்லோடு கல்லாகிப்போன சிப்பி ஒன்றின் வரிகள் தெரியும். நடுவில், இருபத்தைந்து சத நாணயக் குத்தி அளவுக்கு மெருகு போய் வெளிறிய ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை உண்டாக்கியவன் நான்தான். ஒருவருக்குப் பாடம் சொல்வதற்காக, அவர் கண்முன்னே ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, பிழிந்து உண்டாக்கினேன். கொழும்பிலுள்ள இந்தத் தொடர்மாடி வீட்டில் மேசையைத் துடைக்க வரும் மருமகள், கறை பட்ட கல்லை ஏன் மாமா பத்திரப்படுத்துகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் படவரைஞனாக இருந்தேன். வயது இருபத்தொன்பது. மூன்று வருடப் படிப்பு தலைக்குள் போகாமல் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்த காலம். ஊரில் கட்டுகிற வீடெல்லாம் எனக்கு ஒரே வீடாகத் தெரிந்தது. முன்னுக்கு விறாந்தை, நடுவில் இருட்டான ஹோல், இரண்டு பக்கமும் அறைகள், சிவப்புச் சீமெந்து நிலம். அதையே திரும்பத் திரும்ப வரைந்து கை ஓய்ந்து போயிருந்தபோதுதான் வல்வெட்டித்துறையிலிருந்து அந்த அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். நெடிய உருவம். கணவர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் பகுதியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடலில்தான். அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய சஞ்சிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்தார். தாழ்ந்த இருக்கைகள், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி யன்னல், நிலமெல்லாம் இயற்கைக் கல். இப்படி ஒரு ஹோல் வேண்டும் என்று எழுதியிருக்கிறார் என்றார் அக்கா.

எனக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போல ஆயிற்று. இருபத்துநாலடிக்குப் பதினாறடி ஹோல் ஒன்றை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், கடல் பக்கம் முழுக்க யன்னலாக வரைந்தேன். எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை தந்தது வாசல்தான். பின்சுவரிலிருந்து முன் போர்ட்டிக்கோவின் விளிம்பு வரை ஒரே மட்டத்தில் கல் ஓடும். இடையில் வாசற்படி கிடையாது. உள்ளும் வெளியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அந்நாளில் படித்தவர்கள் சொல்வார்கள். நானும் சொன்னேன். மேசன் மழைத்தண்ணீர் உள்ளே வருமே என்றார். போர்ட்டிக்கோவுக்குச் சரிவு கொடுத்து அவர் வாயை அடைத்தேன். அக்காவின் வாயை அடைக்க முடியவில்லை. படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, உந்த வாசலிலை படி எங்கை?”

படி இல்லாததுதான் இதன் வடிவே என்றேன்.

“அப்ப எங்கடை ஆக்கள் எதிலை தேசிக்காய் மிதிச்சு வெளிக்கிடுறது?”

அவர்கள் வீட்டில் அது வழக்கம். கப்பலுக்குப் போகிறவர் புறப்படும்போது வீட்டுப் பெண் வாசற்படியில் இரண்டு தேசிக்காய் வைப்பாள். அவர் வலக்காலால் மிதித்து நசித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார். அக்காவின் தகப்பனும், மாமனாரும் பாய்க்கப்பலுக்கு அப்படித்தான் போனார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவும் இல்லை. படம் கணவருக்குப் போய், நல்லது, அப்படியே கட்டச் சொல்லு என்று பதில் வந்ததும் அக்கா படியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

மாபிளோ மொசாயிக்கோ வெளியிலிருந்து வராத காலம் அது. அதனால் கல்லுக்குத் தூரம் போகவில்லை. அந்த வளவிலேயே கிணறு வெட்டியபோது வந்த பாளங்களில் நல்லதை ஒதுக்கி வைத்தோம். மிச்சத்தைக் காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைக்குப் போக இருந்த கல்லிலிருந்து பொறுக்கினேன். முற்றத்து மணலில் எல்லாவற்றையும் பரப்பி, சோக்கட்டியால் இலக்கம் போட்டு, ஹோலின் அளவுக்கு அடுக்கிப் பார்த்தோம். படித்தவன் நான், ஆனால் கண் அக்காவுக்குத்தான் இருந்தது. சிப்பி தெரிகிற கல்லை யன்னலடிக்கு மாற்றினார், வெளிச்சத்தில் தெரியட்டும் என்று. ஓட்டை ஒடிசல் இல்லாத கெட்டிக் கல்லை வாசலடிக்கு இழுக்கச் சொன்னார், கால் அதிகம் படுவது அங்கேதான் என்று. நான் அவற்றைப் படத்தில் திருத்திக்கொண்டேன், என் யோசனை போல. பிறகு மூன்று தரம் இயந்திரம் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். பாலாகக் கழிவு தோட்டத்துக்கு ஓடியது. கடைசித் தேய்ப்புக்குப் பிறகு யன்னல் வெளிச்சம் நிலத்தில் விழுந்து கூரைக்கு ஏறியபோது மேசனே குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

குடிபுகுதலுக்குக் கணவர் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஹோலின் நீளத்துக்கு வெறுங்காலோடு இரண்டு தரம் நடந்தார். கப்பலில் இரும்புத் தட்டில் நின்று நின்று வெந்த கால் தம்பி, இது குளிருது என்றார். என் வேலைக்கு அதற்குப் பிறகு அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

அவர் திரும்பக் கப்பலுக்குப் போன மறுநாள் அக்கா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், வாசலடிக் கெட்டிக் கல்லில் இரண்டு வெள்ளை வட்டங்கள். படி இல்லாததால் அந்த இடத்திலேயே தேசிக்காயை வைத்திருக்கிறார். கழுவியும் போகவில்லை, தேங்காயெண்ணெய் பூசியும் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் கல்லல்லவா! இயந்திரத்தைக் கொண்டுவந்து தேய்த்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்து, குசினியிலிருந்து ஒரு தேசிக்காய் வாங்கி, அவர் முன்னாலேயே பிழிந்தேன். சாறு கல்லில் மெல்ல நுரைத்தது. துடைத்துக் காட்டினேன். பாருங்கள், புளி பட்டால் இந்தக் கல்லைத் தின்றுவிடும், இனி இந்த நிலத்தில் தேசிக்காய் படவே கூடாது என்றேன். வெளியே மணலில் வைத்தால் நசியாதே, புதைந்துவிடுமே என்று அக்கா தனக்குள் சொல்வது போலச் சொன்னார். அதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

“நீங்கள் கல்லைப் பாருங்கோ அக்கா. அண்ணையைக் கப்பல் கொண்டுவரும்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் துண்டை அக்கா ஹோல் சுவர்த் தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்து வைத்தார்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வந்து போனார். போய் நான்கு மாதத்தில் தந்தி வந்தது. காய்ச்சல், இடையில் ஏதோ ஒரு துறைமுகத்து ஆசுபத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அங்கேயே முடிந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. நான் செத்தவீட்டுக்குப் போனேன். கொண்டுவர உடல் இல்லாததால், ஹோலின் நடுவில் ஒரு கதிரையில் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் அந்தக் குளிர்ந்த கல்லில் இருந்து அழுதார்கள். நான் உள்ளே போகும்போது வாசலடிக் கல்லைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு புள்ளி இல்லை. நான் தேய்த்துக் கொடுத்தது எப்படியோ அப்படியே முகம் பார்க்கலாம் போல இருந்தது.

எனக்கு இந்தச் சடங்குகளில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. காய்ச்சலுக்கும் தேசிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்த வீதியால் போவதை ஒரு வருடம் தவிர்த்தேன்.

பிறகு ஒரு தபாலட்டை வந்தது. வாசல் கல் விஷயமாகக் கதைக்க வேண்டும், வியாழன் காலை ஒருக்கால் வந்து போகவும் என்று அக்காவின் எழுத்து. நிலத்தைக் கிளறி எறியச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அல்லது முகத்துக்கு நேரே கேட்கப்போகிறார். இரண்டுக்கும் பதில் தேடிக்கொண்டே போனேன்.

போர்ட்டிக்கோவில் கார் நின்றது. மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, அன்று புறப்படுகிறாள். டிரங்குப்பெட்டி ஏற்றியாயிற்று. அக்கா தட்டத்தில் இரண்டு தேசிக்காயை வைத்துக்கொண்டு வாசலடியில் நின்றார்.

“தம்பி, நீங்கள் உதிலை வைக்க வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். உங்களைக் கேளாமல் வைக்க எனக்கு மனம் வரேல்லை. இண்டைக்கு ஒருக்கா வைக்கட்டோ?”

தன் வீட்டில், தன் கல்லில், தன் மகளுக்காக ஒரு தேசிக்காய் வைக்க என்னிடம் அனுமதி கேட்டு ஒரு மனுசி காரை மறித்து வைத்திருந்தார். அன்றைக்கு நான் சொன்னதை மறந்துவிடுங்கள் அக்கா என்று ஏதோ தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“அதாலைதான் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஆனா அவர் வெளிக்கிடேக்கை என்ரை கையிலை ஒண்டும் இல்லைத் தம்பி. அதுதான் எனக்குப் பொறுக்குதில்லை.”

நான் தட்டத்திலிருந்து இரண்டையும் எடுத்து, குனிந்து, அந்தக் கெட்டிக் கல்லில் என் கையாலேயே வைத்தேன். பிள்ளை செருப்பைக் கழற்றி வலக்காலால் மிதித்தாள். திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். சாறு பரவி, சன்னமாக நுரைத்தது. சின்னவள் துணியோடு ஓடிவந்தாள். விடு பிள்ளை, கிடக்கட்டும் என்றேன். புறப்படும்போது அக்கா ஹோல் தட்டிலிருந்த துண்டைக் கொண்டுவந்து தந்தார், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கடைசியாக அந்த ஹோலுக்குப் போனேன். யன்னலடிச் சிப்பிகள் அப்படியே மின்னின. வாசலடிக் கல் மட்டும் மெருகெல்லாம் போய் வெளிறிக் கிடந்தது. இரண்டு பெண்களும் படிப்புக்கும் வேலைக்குமாகப் போய்ப் போய் வந்திருக்கிறார்கள். தேய்த்துத் தரவா என்று நான் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் என் மகன் வேலை விஷயமாக வெளிநாடு புறப்பட்டான். அவன் சப்பாத்துப் போடும் நேரத்தில் நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இரண்டு தேசிக்காயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உங்களுக்கு எப்போதிருந்து அப்பா இதெல்லாம் என்று சிரித்தான். சிரித்தாலும் மிதித்தான். மருமகள் உடனே ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தாள். கடையில் வாங்கிய பீங்கான் ஓடு. ஒரு அடையாளமும் இல்லாமல் பழையபடி பளபளத்தது. நான் அறைக்குள் வந்து இந்தக் கல்லைக் கையில் எடுத்தேன். விமானம் இறங்கிவிட்டது என்று அவனிடமிருந்து செய்தி வரும்வரை கீழே வைக்கவில்லை.