பத்மாதேவி சொன்ன பொய்

பத்மாதேவி டீச்சருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பதினோரு வருடமாகக் கணவர் தியாகராஜாவின் நீரிழிவோடு மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர் வேறு எப்படி இருப்பார்? காலை ஆறரைக்கு ஊசி, ஏழு மணிக்குச் சாப்பாடு. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்து மணி பிந்தினாலும் பிந்தும், அந்த ஊசி பிந்தாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமையும் பிந்தவில்லை. ஊசி போட்டாயிற்று, அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பின்வீட்டுச் சகீனா உம்மா வேலியோரம் வந்து நின்றார். சந்தியில் தமிழர் கடை எரிகிறதாம்.

"டீச்சர், ஐயாவக் கூட்டிக்கிட்டு இப்பவே வாங்க."

கொழும்பில் தமிழரை அடித்துக் கொல்லும் செய்தி கேட்டு முதல் நாளே பயந்து போயிருந்ததால் மறு கேள்வி இல்லை. ஊசிப் பெட்டியையும் இன்சுலின் போத்தலையும் எடுத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்கள். பிட்டு பானையிலேயே கிடந்தது.

சகீனாவின் வீட்டு அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. பெருநாள் முடிந்து வரும் ஆறு நோன்பை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா டீச்சர்?"

"ஓம், ஓம். சாப்பிட்டிட்டம்."

வயிறு காய்ந்தாலும் பிறத்தியார் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். போதாக்குறைக்கு, நோன்போடு இருந்துகொண்டு, தன் உயிரையும் பணயம் வைத்துத் தங்களை ஒளித்து வைத்திருப்பவளிடம் அடுப்பை மூட்டச் சொல்ல எந்த வாய் வரும்? கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம் என்று நினைத்தார். படித்தவர்களின் மடத்தனத்துக்கு மருந்தே இல்லை.

எட்டு மணிக்குக் கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் தெருவில் கூச்சல் வந்துவிட்டது. சகீனா கதவுகளைத் தாழிட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டினார். பின்னறையில் மூன்று பேரும் மூச்சை அடக்கி இருந்தார்கள். பத்மாதேவி மட்டும் கணவரின் முகத்தையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியாகராஜாவின் நெற்றி வியர்த்தது. கை நடுங்கியது. பிறகு திடீரென்று உரத்த குரலில், "என்ர பிட்டு எங்க?" என்றார்.

வாயைப் பொத்தப் போன பத்மாதேவியின் கையைத் தட்டிவிட்டார். "ஆரடி நீ?" இருபது வருடத்தில் மனைவியை ஒருநாளும் நீ என்று சொல்லாத மனிதர்.

தெருவில் யாரோ வாசல் படலையைத் தடியால் தட்டினார்கள். இங்கே தமிழர் ஒளிந்திருப்பது வெளியே தெரிந்தால் போதும், இந்த வீடும் எரியும்.

"சீனி ஏறிட்டுது போல. இன்னொரு ஊசி போடுங்க டீச்சர்," என்று சகீனா கிசுகிசுத்தார். அவருடைய தாயும் அந்தச் சீனி வருத்தத்தில், நீரிழிவில்தான், மவுத்தாகிப் போனவர்.

"ஏறேல்ல, இறங்கிட்டுது. கெதியாச் சீனி தாங்கோ."

"சீனி வருத்தத்துக்குச் சீனியா?" சகீனா அசையவில்லை.

நல்ல உடம்பில் கணையம் பார்த்துப் பார்த்து இன்சுலினைச் சுரக்கும். சாப்பாடு இறங்கினால் கூட்டும், பட்டினி என்றால் குறைக்கும். ஈரலும் சேர்த்து வைத்த சீனியை இரத்தத்தில் விட்டுக் கைகொடுக்கும். ஊசி மருந்துக்கு அந்தக் கண் இல்லை. சாப்பிட்டாரோ இல்லையோ, போட்டது போட்டதுதான். இருக்கிற சீனியை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், மூளை பட்டினி கிடக்கும். இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் படம் கீறிச் சொன்னவர்தான் பத்மாதேவி. இப்போது அதற்கு நேரமில்லை.

"நான் பொய் சொன்னன் சகீனா. நாங்கள் சாப்பிடேல்ல."

சகீனா சீனி எடுக்க ஓடினார். பத்மாதேவி ஈர விரலில் சீனியைத் தொட்டுத் தொட்டுக் கணவரின் கன்னத்துக்குள் தேய்த்தார். அவர் விரலைக் கடித்தார். கடிக்கட்டும் என்று விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கத் தொடங்கினார். படலைச் சத்தம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

பத்து நிமிடம் கழித்து, "பத்மா, ஏன் அழுறீர்?" என்று கேட்டார்.

சகீனா அடுப்பை மூட்டி ரொட்டி தட்டினார். இவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சமைச்சுக் குடுத்தா நோம்பு முறியாது டீச்சர். நீங்க கேக்காம இருந்தீங்களே, அதுதான் மனசுக்கு நோவுது."

தியாகராஜா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். கலியாண வீடோ செத்த வீடோ, சாப்பிட்டீர்களா என்று யார் கேட்டாலும் பத்மாதேவி, "இல்லை, தாங்கோ," என்றுதான் சொல்வார். கண்டிக்குப் போய் வெட்கம் கெட்டுவிட்டாள் என்று யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் சிரித்தார்கள்.

கணவர் காலமான பிறகும் அப்படித்தான் சொன்னார், பசியில்லாத நாளிலும்.