எட்டாவது வரியில் ஏறிய காய்ச்சல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். வோல்ட் மீட்டர் காட்டுவதைத் தவிர வேறு எதையும் நம்பியதில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஏழு அறைகளின் சூட்டையும் ஆபீஸ் திரையில் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அளவுகளை வாங்கித் திரைக்கு அனுப்பும் கன்ட்ரோலருக்கு வெப்பம் அளக்கத் தனி கார்டு உண்டு, விலையைச் சொன்னதும் முதலாளி முகம் சுருங்கிப்போனது. சரி என்று புளியங்கொட்டையில் பாதி இருக்கும் மலிவான சென்சார்களை வாங்கி, அறைகளின் வெளிச்சுவரில் பதித்து, அவை தரும் துளி மின்சாரத்தைப் பெருக்கி, கன்ட்ரோலரின் சாதாரண வோல்டேஜ் இன்புட்டிலேயே கொடுத்துவிட்டேன். மூன்று வோல்ட் வந்தால் முப்பது டிகிரி, அவ்வளவுதான் கணக்கு. இன்புட் மொத்தம் எட்டு. மிச்சமான எட்டாவதை ஒரு துண்டு வயரால் பூமியோடு இணைத்தேன். அப்படிச் செய்தால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும்.

திரையின் எட்டாவது வரி முப்பத்தாறு புள்ளி எட்டு காட்டியது.

வயரை மாற்றினேன், மீட்டர் வைத்தேன், மீட்டரில் பூஜ்யம். திரையில் மட்டும் அதே எண். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அது ஏற ஆரம்பித்தது. மற்ற ஏழு அறைகளும் முப்பத்து நான்கில் நிற்க, இது முப்பத்தெட்டைத் தாண்டியது. இன்புட் கார்டு போய்விட்டது, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் கவலைப்பட்டேன்.

மேற்பார்வை பார்க்கும் பேச்சியம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எட்டுல காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது?"

எங்கள் ஊர் ஆலைகளில் சரக்கு வெயிலில் காய்வதற்குப் பெயரும் காய்ச்சல்தான். "அங்கன சரக்கே கெடையாதுக்கா, வெறும் வயரு" என்றேன். சொன்ன மறுநிமிடம்தான் காய்ச்சல் என்ற வார்த்தையின் மற்ற அர்த்தம் உறைத்தது. என் தங்கச்சி முத்துலட்சுமி மூன்றாம் அறையில் வெடிக் குழல்களில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வழியெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தாள்.

திரையில் முப்பத்தொன்பதரை. "அக்கா, எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க, எதுக்குன்னு கேக்காதீக" என்று கத்தினேன்.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த முத்துலட்சுமி வேப்பமரத்தடியில் அப்படியே சரிந்தாள். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் வைவார்கள் என்று காய்ச்சலைச் சொல்லாமல் வந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மருந்துத் தட்டு மேடை விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்ததாம். விழுந்திருந்தால் அறையே வெடித்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நூற்று மூன்று புள்ளி ஒன்று என்றார். நம் ஊரில் உடம்புச் சூட்டை ஃபாரன்ஹீட் கணக்கில்தானே சொல்கிறோம்? போனில் மாற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்பதரை வந்தது. காலையிலிருந்து நான் பழுது என்று திட்டிக்கொண்டிருந்தது ஒரு மனுஷ உடம்பின் சூட்டை.

இத்தோடு முடிந்திருந்தால் குலதெய்வம் காப்பாற்றியது என்று பொங்கல் வைத்திருப்பேன். மறுநாள் காலை பேச்சியம்மாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, எட்டு எறங்கிக்கிட்டே இருக்கு. முப்பத்தி மூணுக்கு வந்துருச்சு. தங்கச்சி நல்லாத்தான இருக்கா?"

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவள் கட்டிலருகே ஓடினேன். காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வாரீக?" என்றாள்.

ஆலையில் அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன். அந்த எட்டாவது எண் மற்ற அறைகளின் சூட்டுக்கு இறங்கி, அதோடு நின்றுவிட்டது. காற்று சூடானால் அதுவும் சூடாகிறது, ஆறினால் ஆறுகிறது. உயிர் போன உடம்பு அப்படித்தான் இருக்கும். இன்புட் கார்டையே மாற்றிப் பார்த்தேன், எண் மாறவில்லை.

முத்துலட்சுமி இப்போது அந்த வேலைக்குப் போவதில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். ஏதாவது சாக்கு வைத்துத் தினமும் அவள் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாகத்தான் இருக்கிறது.