அக்கா வீட்டு டிக் டிக்

கதிரியக்கம் என்பது கொசு மாதிரி, வீட்டை மாற்றினால் விட்டுவிடும் என்று நம்பிய ஆள் நான்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். மகள் அப்ளைடு பிசிக்ஸ் கடைசி வருடம் படிக்கிறாள். புராஜெக்டுக்காகக் கதிரியக்கம் அளக்கும் கருவி ஒன்றைத் தானே செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வைத்து முடுக்கினாள். டிக், டிக்டிக் என்றது.

"இன்னாம்மா சத்தம்?"

"கதிர் ஒண்ணு பட்டா ஒரு டிக், நைனா."

எங்கள் பக்கத்தில் தும்மல் வந்தாலும் ஆலைப் புகைக்கூண்டைத்தான் திட்டுவோம். ஜன்னலை அடைத்தேன். மீன் குழம்பை மூடினேன். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டேன்; எதற்கென்று இன்றுவரை தெரியாது.

"இந்தப் படிப்பே வாணாம். நாளைக்கே டிசி வாங்கிடு. இப்ப அத்தை வூட்டுக்குக் கெளம்பு!"

மகள் முகம் சுருங்கியது. ஆனாலும் கருவியை எடுத்துக்கொண்டாள். "அங்க டிக் கேக்கலன்னா படிப்ப வுட்டுர்றேன். கேட்டா, நீ வாயே தொறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

போனிலேயே விஷயத்தைக் கேட்டிருந்த அக்கா, புளியந்தோப்பில் வாசலிலேயே மறித்தாள். "ஏன்டா, பேஜார என் வூட்டுக்குத் தூக்கினு வந்துகீறியா?"

மகள் கருவியைச் சமையல் மேடைமேல் வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

டிக். டிக்டிக்டிக்.

"மண்ணு, கல்லு, வானம், எல்லாத்துலருந்தும் கொஞ்சம் வந்துகினேதான் கீது நைனா. ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது."

பயம் போய் எனக்கு ஆசை வந்துவிட்டது. சுவரில் வை, தரையில் வை என்று அவளை வீடெல்லாம் இழுத்தேன். தலையிலிருந்த துண்டை அக்காதான் உருவினாள்.

மகள் படிப்பை விடவில்லை. எங்கள் வீட்டைவிட அக்கா வீட்டில்தான் டிக் அதிகம். அக்காவின் சமையல் மேடை கிரானைட்; அந்தக் கல்லிலிருந்து கதிர் கொஞ்சம் கூடவே வருமாம்.