பேத்தமங்களா ஏரிக்கரையில் பன்னிரண்டு வோல்ட்

என் கையெழுத்து கோணலாகத்தான் வரும். நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் யாரிடமும் இவ்வளவு பேச வராது என்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீஃபிலிருந்து புறப்பட்டோம். ஜீப்பை ஓட்டியது என் மனைவி செல்வியின் தம்பி குமார். பின்னால் நான் கட்டிய டிரெய்லர்: தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பேத்தமங்களா பத்து கிலோமீட்டர் இருக்கும். செல்விக்கு அதுவே தூரம். ஆஸ்துமா அவளுக்கு. பொழுது சாய்ந்தால் மருந்தை ஆவியாக்கும் மெஷின் வேண்டும். அதனால் பல வருடமாக பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் அவள் மாலை நேரத்தைக் கழித்ததில்லை. மகாபலிபுரத்துக் கடலைப் பார்க்க ஆசை. ஏரிக்கரையில் மெஷின் ஓடினால் கடலுக்குப் போகலாம், ஓடாவிட்டால் இனி இதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

டிரெய்லருக்கான கரண்டுத் திட்டம் முழுவதும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் நின்றபடி போட்டது. பங்காருபேட்டை வருவதற்குள் மனதில் கூரைமேல் சோலார் தகடு ஏறிவிடும். ஒயிட்ஃபீல்டில் விளக்கு எரியும். பேட்டரி கனம் என்பதால் முன்பக்கம், கட்டில் பின்பக்கம், நடுவில் ஒயர்.

தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் வெயிலில் வெளுத்து, மேகம் இறங்கிப் படுத்ததுபோல் கொஞ்சதூரம் கூடவே வந்தன. பிறகு ராகிக் கொல்லைகள். மூன்றரைக்குத் தண்ணீர் தெரிந்தது. செல்வி கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கரையில் நின்றபிறகும் எனக்கு நாங்கள் இன்னும் ஓடிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

ஐந்தரைக்கு மெஷினைப் போட்டேன். முனகியது. விளக்கு மங்கியது.

"இன்னா மாமா, மெஷினு தூங்குது?" என்றான் குமார்.

ஒயரைத் தொட்டேன். சுட்டது.

"இன்னா ஒயர் இது?" என்றான்.

"ஷாஃப்ட் மணி ஒயர்" என்றேன். சுரங்கக் குழியில் ஆள் ஏறி இறங்கும் கூண்டான கேஜுக்கு மணியடிக்கும் ஒயர், அப்பா அங்கிருந்து கொண்டுவந்தது. மைன்ஸ் சாமான் கெடவே கெடாது என்பது எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பன்னிரண்டு வோல்ட்தானே, மெல்லிசு போதும் என்றும் நினைத்துவிட்டேன்.

"கேஜ் ஏறணும்னு ரெண்டு தட்டு தட்டுற ஒயரு மாமா அது. அத்தப் போயி மூச்சு வுடாம ஓட்டுறீங்களே."

வோல்ட் குறைந்தால் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும் என்பது விரல் சுட்டபிறகுதான் விளங்கியது. செல்விக்கு இழுப்பு கேட்கத் தொடங்கியிருந்தது.

"கெளம்பலாம்கா, இதோ கீது வூடு" என்றான் குமார்.

அவள் ஏரியைப் பார்த்தாள். பிறகு என்னை. "பேட்டரி எங்க கீதுங்க?"

"முன்னால."

"அப்ப நான் அங்க வரேன். ஒயரு அங்கயே இருக்கட்டும்."

தலையணையை எடுத்துக்கொண்டு போய் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீப்பில் கிடந்த தடித்த ஒயரில் ஒரு முழம் வெட்டி, ஃபியூஸ் வைத்து, நேராக இணைத்தேன். மெஷின் வீட்டில் ஓடுவதுபோலவே ஓடியது. அவள் முகத்தருகே மருந்துப் புகை, வெளியே தண்ணீர்மேல் பனி. இரண்டும் ஒரே நிறம்.

வீட்டில் சுவிட்சைப் போடும்போது கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று நினைத்ததில்லை. இங்கே, வழியெல்லாம் கூரைமேல் விழுந்த வெயில்தான் அவள் மூச்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மூச்சு சீரானதும் மெஷினின் முகமூடியைக் கழற்றினாள்.

"கட்டில இந்தப் பக்கம் போட்டுடுங்க. ஜன்னலையும்தான். கடலு தெரியணும் இல்ல?"

கட்டிலை மாற்றிவிட்டேன். ஜன்னலுக்குத் தகரம் வெட்ட வேண்டும்.

எழுதியது: 2025 மார்ச் 2, ஞாயிறு.