என் பெயரில் அவள் கொடுத்த பரிசோதனை

2003-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் இது நடந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு, ரிட்டையர் ஆகி இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் முன்பே காலமாகிவிட்டார். எனக்கு ஒரே பெண். நர்ஸ் படித்தவள். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு நார்வே நாட்டின் வடக்குக் கோடியில் ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டாள். அங்கே மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் மாப்பிள்ளைக்கு வேலை.

அவள் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. இரண்டு முறையும் நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அழாதேம்மா" என்று சொன்னதோடு சரி. ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட முடியவில்லை. மூன்றாவது முறை தங்கியது. நவம்பரில் பிரசவம். "இந்த வாட்டி நீ வந்து என் பக்கத்துல இரும்மா" என்றாள். அவள் எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை. அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். செப்டம்பர் கடைசியில் டிக்கெட் போட்டார்கள்.

என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து அந்தக் கடிதமே எனக்கு மனப்பாடம். பல் வலி இருந்தால் இங்கேயே பார்த்துவிட வேண்டும், தீவில் பல் டாக்டர் கிடையாது. காற்று பலமாக அடித்தால் படகு வராது, மருந்துக் கடையும் அடுத்த ஊரில்தான். ஆகையால் சாப்பிடுகிற மாத்திரை எதுவானாலும் போதுமான அளவுக்கு மேலேயே இருக்க வேண்டும், டாக்டர் சீட்டும் கூட இருக்க வேண்டும். ஒரே தடித்த ஸ்வெட்டர் போதாது, மெல்லியதாக மூன்று துணி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஷூ இறுக்கமாக இருக்கக் கூடாது. நவம்பர் கடைசிக்குப் பிறகு சூரியனே மேலே வராது, அதற்குப் பயப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே, "உனக்கு உடம்புக்கு ஏதாவது இருந்தா மறைக்காம எழுது" என்று கோடு போட்டிருந்தாள்.

நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஒரு கண் முகாமில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. மாத்திரையும் நினைத்தபோதுதான் சாப்பிடுவேன். இது கம்பெனியில் வந்த பழக்கம். அங்கே வருஷத்துக்கு ஒரு முறை செக்கப் நடக்கும். சர்க்கரை என்று தெரிந்தால் மிஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டுகிற மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். மிஷின்காரி என்ற மரியாதை போய்விடும். அதற்குப் பயந்து நாங்கள் ஒரு வேலை செய்வோம். ஆரோக்கியமாக இருக்கிற ஒருத்தியைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், எங்கள் பாட்டிலில் அவளுடைய சிறுநீரைப் பிடித்துக் கொடுத்துவிடுவோம்.

எங்கள் லைன் முழுவதற்கும் கொடுத்தவள் என் பக்கத்து மிஷின்காரி. பக்கத்துத் தெருவில்தான் வீடு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டேன். அவள் சூப்பர்வைசரையே கிண்டல் செய்வாள். "என்து சொக்கத் தங்கம்க்கா, எத்தினி பாட்டில் வேணும்?" என்பாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

தீவுக்குப் போட்டுக்கொண்டு போக பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வெளிநாட்டுக்குத் தைத்ததில் ஒரு தையல் விலகியதால் ரிஜெக்ட் ஆன ஜோடி. உள்ளே ரோமம் வைத்தது. முப்பது வருஷம் ஷூ தைத்தேனே தவிர, மூடின ஷூவில் கால் வைத்தது அப்போதுதான். பழக வேண்டுமே என்று அந்த ஆகஸ்ட் வெயிலில் தினமும் சாயங்காலம் தெருக்கோடி வரை நடப்பேன். கீரை விற்கிறவள், "இன்னா ஆயா, மிலிட்டிரில ஆள் எடுக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் மகளிடம் பத்தடி நெருங்குகிற மாதிரியும் இருக்கும்.

பயணத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். என் வயதுக்கு இசிஜி எடுத்து, சிறுநீரில் சர்க்கரை பார்த்து, டாக்டர் கையெழுத்தோடு கொடுக்கச் சொன்னார்கள். சர்க்கரை என்று எழுதிவிட்டால் போக விட மாட்டார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. பக்கத்து மிஷின்காரியிடம் மட்டும் சொன்னேன். "இதுக்குப் போயா மொகத்த தொங்கப் போட்டுக்கினு கீற? வா, நான் வர்றேன்" என்றாள்.

இரண்டு பேரும் பஸ் ஏறி வேலூர் போனோம். லாங் பஜார் பக்கம் ஒரு சின்ன கிளினிக். என் பெயர் ஒட்டின பாட்டிலை அவள் நிரப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு டீ குடிக்க வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சர்க்கரை துளிகூட இல்லம்மா. ஆனா சிறுநீர்ல புரோட்டீன் ரொம்ப ஜாஸ்தியா போகுது. கிட்னி கெட ஆரம்பிச்சா இப்படித்தான் காட்டும். காலு வீங்குதா? காலையில கண்ணு உப்பலா இருக்கா?"

என் காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. பிரஷரும் சரியாக இருந்தது. டாக்டரம்மாவுக்கே குழப்பம். இன்சூரன்ஸ்காரர்கள் சர்க்கரையைத்தான் கேட்டிருக்கிறார்கள், அதனால் கையெழுத்து போடுகிறேன், ஆனால் ஊருக்குப் போவதற்குள் கட்டாயம் கிட்னி டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்தேன். டீக்கடையிலிருந்து வந்த தோழி, "பாஸாக்கா?" என்று கேட்டாள். "பாஸ்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். குனிந்து அவள் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவும், சுற்றிலும் சதை உப்பியும் இருந்தது. மிஷின் பெடல் மிதித்து வந்த வீக்கம் என்று அவள் சொல்லி, நானும் நம்பிக்கொண்டிருந்த வீக்கம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சொன்னால், டெஸ்ட் என் பெயரில் இருப்பதால், அவளை அந்த டாக்டரம்மாவிடமே கூட்டிப்போக வேண்டும். போனால் பாட்டில் விஷயம் வெளியே வரும். கையெழுத்து போட்ட காகிதம் போய்விடும். குழந்தை பிறந்து திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து, "எல்லாம் ரெடியாம்மா? உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "எல்லாம் நல்லா இருக்கு" என்றேன். இப்படியே மூன்று நாள் ஓட்டினேன்.

நான்காம் நாள் காலையில் பெட்டி அடுக்கத் தோழி வந்தாள். பிரசவ மருந்து, மிளகாய்த்தூள், குழந்தைக்குத் தைத்த சின்னச் சின்னச் சட்டை எல்லாவற்றையும் கீழே பரப்பினாள். இரண்டு இமையும் தடித்து, கண் பாதிதான் திறந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நீ போறேன்னு ராத்திரியெல்லாம் அழுதேன்னு பெரும பட்டுக்காத. காலையில எழுந்தா இப்பல்லாம் இப்படித்தான் கீது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் மகள் பிள்ளையின் சட்டையை மடித்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலில், "என்துலயா? தங்கம்க்கா அது" என்று விளையாட்டாகத்தான் பேசினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"மூணு நாளா தெரிஞ்சிகினே என் கையால காபி வாங்கிக் குடிச்சியாக்கா?"

  நாளை காலை கிளினிக்குக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

டாக்டரம்மா முன்னால் நானே வாய் திறந்து சொன்னேன். அவ்வளவு பேசினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் திட்டவில்லை. என் காகிதத்தைத் திருப்பி வாங்கி மேஜைக்குள் வைத்தார். அவளைப் பரிசோதித்துவிட்டு, உடனே கிட்னி டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினார். பிறகு எனக்கு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. "செருப்பைக் கழட்டுங்க" என்றார். வலது குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். பூட்ஸ் கடித்தது. சீழ் வைத்திருந்தது. சர்க்கரையால் கால் மரத்துப்போய், எனக்கு வலியே தெரியவில்லை.

"இந்தக் காலோட அந்தக் குளிருக்குப் போயிருந்தீங்கன்னா, காலோட திரும்பி வந்திருக்க மாட்டீங்க" என்றார். அதற்கடுத்துச் சொன்னதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "சர்க்கரை இருந்தா போகக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது? முன்னாடியே வந்திருந்தா மூணே மாசத்துல கட்டுக்குக் கொண்டுவந்து, மருந்தும் லெட்டரும் கொடுத்து நானே அனுப்பி வெச்சிருப்பேனே."

டிக்கெட்டை ரத்து செய்தோம். மகளிடம் உண்மையைச் சொன்னேன்.  "புண்ண தினமும் கழுவுறியாம்மா?" என்று நர்ஸாகக் கேட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

புண் ஆறக் கார்த்திகை ஆகிவிட்டது. அதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். மாப்பிள்ளை போனைக் குழந்தையின் வாய்க்கிட்டே பிடித்தார். இரண்டு அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குள் லைன் போய்விட்டது.

என் தோழி, "நீ மூணு நாள் வாய மூடிக்கினு இருந்தல்ல, நானும் மூணு நாள் உங்கிட்ட பேச மாட்டேன்" என்று எண்ணி மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நான்காவது நாள் காபி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆரம்பத்திலேயே பார்த்ததால் அவளுக்கு மாத்திரையிலேயே கட்டுப்பட்டது. இன்னும் கொஞ்ச மாதம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இன்றும் வாரம் தவறாமல் வந்து என்னைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் போகிறாள்.

பேத்திக்கு நான்கு வயதானபோது ஆம்பூருக்குக் கூட்டி வந்தார்கள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் திரிந்தாள். பிறகு மாப்பிள்ளைக்கு வேலை மாறி, அந்தத் தீவை விட்டே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இனி அங்கே நான் போக வேண்டிய காரணமே இல்லை. ஆனாலும் கார்த்திகை வந்தால், சூரியன் வராத அந்த ஊரில், ஈரத் தலையோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் மகள் தனியாக உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. நான் ஒரு நாளும் பார்க்காத அந்த வீட்டுக்கு மனசு ஓடுகிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் காகிதத்தோடு விமானம் ஏறியிருந்தால், இங்கே ஒருத்தி வீங்கிய கண்ணோடு எதுவும் தெரியாமல் இருக்க, அந்தப் பிள்ளையை நான் எந்தக் கையால் வாங்கியிருப்பேன் என்பதையும் நினைத்துப் பார்த்துத்தான் ஏக்கத்தை ஆற்றிக்கொள்கிறேன்.